ஏழு அட்டைகள்

நான் நன்றாகத் தேநீர் போடுவேன். முப்பது வருஷம் அதைக் குடித்த என் கணவர், நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போடுகிறவர் அவர். எந்த வண்டி எப்போது கிளம்பும், எங்கே திரும்பும் எல்லாம் விரல் நுனியில். வீட்டிலும் அப்படித்தான். காய்கறி வாங்கக்கூட என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பக்கவாதம் வந்தபின் கையும் காலும் தேறின. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்பது மட்டும் திரும்பவில்லை. அதற்குத்தான் டாக்டர், பயிற்சிக்காக நீங்கள் ஏழு அட்டை எழுதிக் கொடுத்தீர்கள். பாத்திரம் வை, தண்ணீர் ஊற்று, அடுப்பைப் பற்றவை, தூள் போடு என்று போகும். ஒரு வாரம் தவறில்லாமல் செய்தால் வேலைக்குத் திரும்பலாம் என்றீர்கள்.

ஆரம்பத்தில் சமையலறை நடுவில் நின்று, "அடுத்து என்ன செய்யணும்? நீயே சொல்லு" என்பார். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான், மறைப்பானேன்.

பிறகு தேறிவிட்டார். ஐந்து நாள் என்னை எதுவும் கேட்கவில்லை. ஆறாம் நாள் அவர் குளிக்கும்போது இரண்டாவது அட்டையையும் நான்காவதையும் இடம் மாற்றி வைத்தேன். வெறும் பாத்திரத்தில் தூள் கருகியது.

"சரியாத்தானே பண்ணேன்?"

"அட்டையை நீங்கதான் கலைச்சு வச்சிருக்கீங்க" என்றேன். நம்பினார்.

ஆனாலும் விடுகிற ஆள் இல்லை. அட்டைகளின் பின்னால் பென்சிலால் எண் போட்டார். நான் அழித்துவிட்டு மாற்றி எழுதினேன். அவர் கையெழுத்து எனக்கு அத்துப்படி. தான் போட்ட எண்களே தப்பாக இருப்பதைப் பார்த்து அட்டைகளைக் கவிழ்த்து வைத்தார். "இனிமே என் மூளையை நம்பக் கூடாது போல" என்றார். அந்தக் குரல் இன்னும் சமையலறையில்தான் இருக்கிறது. குழாயைத் திறந்தால் கேட்கிறது. அதனால் பாதி நாள் திறப்பதில்லை.

உங்கள் அறையில் சரியாகச் செய்தவர் வீட்டில் மட்டும் ஏன் தடுமாறினார் என்று கேட்டீர்கள். ஐந்து மாதம் நான் அட்டைகளை மாற்றினேன், அவ்வளவுதான். அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை.

இப்போது உட்காரவைத்தால் உட்கார்ந்தே இருக்கிறார். தாகம் எடுத்தாலும் சொல்வதில்லை. அடுத்து என்ன என்று கேட்பதையும் நிறுத்திவிட்டார். அதை மட்டும் திரும்ப வரவழைக்க ஏதாவது பயிற்சி இருந்தால் சொல்லுங்கள். அட்டைகளை நானே எழுதிக்கொள்கிறேன்.