மலை மேலே ஒரு விருந்து

மாமா: ஹாரன் அடி, ஹாரன் அடி... வளைவு வருது!

மச்சான்: வளைவு இன்னும் அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கு மாமா.

மாமா: கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவன் நான். எனக்கே தெரியுது, உனக்குத் தெரியலையா?

மச்சான்: பேசாம உக்காருங்க. "பழைய கம்பெனி ஆளுங்க மலை மேல விருந்து வெக்கிறாங்களாம், உங்க மாமாவைப் பத்திரமா கூட்டிட்டுப் போயிட்டு வா"ன்னு அக்கா கெஞ்சினா. அதனாலதான் ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கேன்.

மாமா: உங்க அக்கா சொன்னதாலதான் நானும் உன் பக்கத்துல உக்காந்திருக்கேன்.

மச்சான்: அப்ப சரி.

மாமா: சரின்னா சரி... டேய், டேய்! அதோ பாரு, கோட்டை!

மச்சான்: எங்க?... அட, ஆமா! மதில் மேல மரமே முளைச்சிருக்கே!

மாமா: ஓரமா நிறுத்து. அந்தப் படிக்கட்டு ஞாபகம் இருக்கா?

மச்சான்: மறக்குமா? நூத்தி நாப்பது படி. தையல் மெஷினோட இரும்பு ஸ்டாண்டு என் தலையில. விளம்பர நோட்டீசு உங்க கையில.

மாமா: சீனியர் சேல்ஸ்மேன்னா அப்படித்தான்.

மச்சான்: நோட்டீசு கனக்குதுன்னு நடுவுல ரெண்டு தடவை உக்காந்தீங்க!

மாமா: மேல அரண்மனையில நீ பண்ணின கூத்தை விடவா? "பாருங்கம்மா, எவ்வளவு வேகமா தைக்குது"ன்னு...

மச்சான்: மாமா, வேண்டாம்...

மாமா: ...அந்தம்மாவோட ஜன்னல் திரையில உன் சட்டைக் கையையும் சேர்த்துத் தைச்சே பாரு!

மச்சான்: நீங்க தொணதொணன்னு பேசிக்கிட்டே இருந்தீங்க!

மாமா: எழுந்து கும்பிட்டே... திரை, கம்பி, ஆணி... எல்லாம் உன்கூடவே கிளம்பிடுச்சு!

மச்சான்: சிரிச்சது போதும், கண்ணுல தண்ணி வரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்...

மாமா: ஐயோ... வயிறு வலிக்குதுடா...

மச்சான்: ஆனா ரெண்டு மெஷின் வித்தோமே! "தையல் எவ்வளவு கெட்டி பாருங்க, பையனைப் பிரிக்கவே முடியலை"ன்னு சொல்லியே தள்ளிவிட்டீங்க.

மாமா: வாய் அப்படிடா நமக்கு.

மச்சான்: ஆமா... அந்த வாய்தான் எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கல்யாண வீட்டுலயும் பேசுச்சு.

மாமா: நேரமாகுது பாரு.

மச்சான்: போகலாமா?

மாமா: ம்... எடு.

மச்சான்: மணிக்கூண்டு ஊர் வந்தாச்சு. எறங்குங்க, ஒரு டீ குடிப்போம்.

மாமா: மணி என்ன?

மச்சான்: கூண்டுல நாலே கால். என் கையில பதினொண்ணு.

மாமா: முப்பது வருஷத்துக்கு முன்னாடியும் நாலே கால்தான்! இன்னும் ஒருத்தனும் ஏறிப் பாக்கலை போல.

மச்சான்: அந்தப் பச்சைக் கதவு லாட்ஜும் அப்படியே இருக்கு பாருங்க. கட்டில் ஒண்ணு, ஆளு ரெண்டு.

மாமா: அதுல முக்கால் கட்டில் உனக்கு.

மச்சான்: அங்க வெச்சுத்தான் "எங்க அக்காவுக்கு மாப்பிள்ளை தேடுறோம்"னு சொன்னேன். "சேல்ஸ்மேனுக்குக் கொடுப்பாங்களா"ன்னு மூணு தடவை கேட்டீங்க. யாரோ உங்க கூட்டாளிக்குக் கேக்குறீங்கன்னு நெனச்சேன்.

மாமா: மூணாவது தடவைதான் உனக்கு உறைச்சுது. பேந்தப் பேந்த முழிச்சே...

மச்சான்: அன்னிக்கு வரைக்கும் உங்களை "சார்"னுதானே கூப்பிட்டுக்கிட்டிருந்தேன்!

மாமா: ...ஏண்டா. கம்பெனியை விட்டுப் போறப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

மச்சான்: சொன்னா நீங்க விட்டிருக்க மாட்டீங்க. நீங்க போகாதன்னா நானும் போயிருக்க மாட்டேன்.

மாமா: அதுக்குன்னு எதிர் கம்பெனிக்கா?

மச்சான்: அதுக்குன்னு கல்யாண வீட்டுச் சாப்பாட்டு மேசையில, அத்தனை பேர் நடுவுல, "முதுகுல குத்தினவன்"னா? என் பொண்ணு என் பக்கத்துலதான் உக்காந்திருந்தா மாமா.

மாமா: தெரியும்... அதுக்கப்புறம் அவ நிமிரவே இல்லை. சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தா. இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

மச்சான்: சொல்லாம போனது என் தப்புதான்...

மாமா: நான் சொன்னது அதைவிடப் பெரிய தப்புடா. உங்கிட்ட மட்டும் இல்லை, அந்தப் புள்ளகிட்டயும் நேர்ல வந்து சொல்றேன்.

மச்சான்: வாங்க மாமா... முதல்ல அந்த கிளாசைக் கீழ வைங்க. டீ தீர்ந்து கால் மணி நேரம் ஆச்சு.

மாமா: அட, ஆமா.

மச்சான்: பதினேழாவது வளைவு... பதினெட்டு... மாமா, மேகம் ரோட்டுலயே இறங்கிடுச்சு!

மாமா: கண்ணாடியை இறக்கு! முகத்துல படட்டும்... ஆகா!

மச்சான்: உச்சி வந்தாச்சு. மெதுவா எறங்குங்க, தரை ஈரம். கையைக் கொடுங்க... கீழ பாருங்க, கோட்டை தீப்பெட்டி மாதிரி இருக்கு.

மாமா: ஓஓஓய்!

மச்சான்: ஏன் மாமா கத்துறீங்க?

மாமா: எதிரொலி கேக்குதான்னு பாக்கத்தான். நீயும் கத்து.

மச்சான்: எனக்கு அம்பது வயசாகுது.

மாமா: எனக்கு அறுபத்திரெண்டு. கத்துடா!

மச்சான்: ஓஓஓஓய்!

மாமா: ம்ம்... உன் குரல்தான் மூக்கடைச்சுத் திரும்பி வருது.

மச்சான்: உங்க குரல் திரும்பியே வரலை, எங்கயோ இருமிக்கிட்டு உக்காந்திருக்கும்... சரி, நேரமாச்சு. விருந்து எந்த ஓட்டல்ல? எத்தனை மணிக்கு?

மாமா: அது... வந்து...

மச்சான்: என்ன மாமா?

மாமா: விருந்தும் இல்லை, ஒண்ணும் இல்லைடா. நானும் உங்க அக்காவும் சேர்ந்து கட்டின கதை. உன்னை நேரா கூப்பிட எனக்கு வாய் வரலை... கோவமா?

மச்சான்: செவ்வாய்க்கிழமையே தெரியும் மாமா. நேரம் கேக்கலாம்னு பழைய மேனேஜருக்குப் போன் பண்ணினேன். "விருந்தா? என்னை யாருமே கூப்பிடலையே"ன்னு மனுஷன் கோவிச்சுக்கிட்டார்... அந்தப் போனை வெச்ச கையோடதான் ஆபீசுல ஒரு நாள் லீவை நாலு நாளா மாத்தி எழுதிக் கொடுத்தேன்.