முதற்பலனாக ஒரு பல்பு

அலோ... அலோ, தயாளா! மச்சான், நான்தான் டெனிஸு... எரியுதுடா! ... பல்புதான்! வேற என்ன, வயிறா எரியும்? ... என்னது? ... உன் பட்டறைல அந்த லேத்தக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லேன், ஒரு எழவும் கேக்கல. திருமுடிவாக்கத்துல இருக்கறவங்க எல்லாரும் செவிடா? ... ஆங், இப்ப கேக்குது.

ஆமா, ஆமா, நீ செம்புக் கம்பில சுத்திக் குடுத்த அதே காயில்தான்! ... இல்ல, பேட்டரி இல்ல. அதத்தான் சொல்ல வரேன். மூணு மாசமா பேட்டரிலேர்ந்து விட்டு விட்டுக் கரண்ட் குடுத்தேன், டக்கு டக்குனு, போன்ல பாத்த அந்த ஃப்ரீ எனர்ஜி வீடியோல காட்டினாப்லயே. பல்லாவரம் சந்தைல வாங்கின ஸ்பீக்கர் காந்தத்தச் சுத்தி வெச்சேன். ஒண்ணும் நடக்கல. போன மாசக் கடைசில ஒரு நாள் கோவம் வந்து பேட்டரியப் புடுங்கி எறிஞ்சேன் பாரு... ஆமாடா! அப்பதான் எரிஞ்சுது!

...சிரிக்காத. ... சிரிக்காதன்றேன்ல. உங்க அக்காளும் மூணு மாசம் இப்டித்தான் சிரிச்சா. இப்ப சிரிப்ப விட்டுட்டு வாசப்படில உக்காந்து சின்ன வெங்காயம் உரிச்சிட்டு இருக்கா. ... ஏய் ஜாஸ்மின், உன் தம்பிதான்! ... தலைய ஆட்டறா. ... நான் ஹிஸ்டரி வாத்தியார்தான்பா, யாரு இல்லன்னா? ஹிஸ்டரி வாத்தியார் காயிலத் தொட்டா ஷாக் அடிக்கும்னு சட்டமா?

சரி, கேளு, நேரமில்ல. நாளைக்கு எங்க சர்ச்சுல அறுப்பின் பண்டிகை. ... ஆமா, இந்த வருஷம் என் முதற்பலன் காணிக்கை இதான். பூசணிக்கா, வாழத்தாரு, நாட்டுக்கோழி, அதுக்கெல்லாம் நடுவுல என் காயிலு, ஆல்டருக்கு முன்னாடி, தானா எரிஞ்சிட்டு. ... ஆயரே அறிவிச்சிட்டாருடா! போன ஞாயித்துக்கிழமை, பேர் சொல்லி! அப்புறம் காணிக்கையெல்லாம் ஏலம். காலேப் அண்ணன்தான் விடறாரு... பப்பாளி பத்திப் பேசாத. ... பேசாதன்னேன்!

...ஆமாம்பா, ஆமா. போன வருஷம் என் பப்பாளிய யாரும் கேக்கல. ஒரு தரம், ரெண்டு தரம்னு காலேப் அண்ணன் தொண்டை வறளக் கத்தினாரு. முந்நூறு பேரும் அண்ணாந்து ஃபேனப் பாத்தாங்க. கடைசில நானே கை தூக்கி, என் பழத்த நானே எடுத்துட்டு வந்தேன். வருஷம் முழுக்க எவன் பாத்தாலும் "பப்பாளி சாரு". அந்த அசிங்கத்த நாளைக்குத் தொடைக்கணும் மச்சான். அவ்ளோதான். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.

...சர்ச்சு வேன் இப்ப வந்துடும், மிஷின ஏத்திட்டுப் போக. அதுக்குள்ள உன்கிட்ட ஒரே ஒரு சந்தேகம். அது வந்து... எல்லா நேரமும் எரியாது. ... காலைல ஆறுலேர்ந்து ஆறரை. அப்புறம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஒரு அரை மணி, முக்கா மணி. ... மத்த நேரம் ரெஸ்ட் எடுக்கும். ... ஏன், காந்தம் ரெஸ்ட் எடுக்கக் கூடாதா? நீ மட்டும் மணிக்கு ஒரு டீ குடிக்கப் போவ? ... ஆராதனை எட்டு மணிக்குடா. அதான் கேக்கறேன், எட்டு மணிக்கு எரிய வைக்க என்ன வழி?

...செவ்வாக்கிழமை கரண்ட் போனப்ப எரிஞ்சுதாவா? அன்னிக்கு சாயங்காலம் எரியல. ... ஆமா, அன்னிக்குத்தான். டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சு சேலையூர் பூரா இருட்டு. ... அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இது ஃப்ரீ எனர்ஜி! ஈ.பி.காரனுக்கும் இதுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது!

...ஒயரா? ஒரு முனை நம்ம வீட்டு எர்த் ராடுல. ... இன்னொரு முனையும் எர்த்துதான். ... வேற எர்த்து. ... கொஞ்சம் தள்ளி. ... எவ்ளோ தள்ளின்னா... காம்பவுண்டு சுவத்துக்கு அந்தாண்ட. ... ஷ்ஷ், மெதுவா. பக்கத்து வீட்டு குப்புராஜ் அண்ணன் போர்வெல்லு, அந்த இரும்பு பைப்புல ஒரு கிளாம்ப் போட்டு வெச்சிருக்கேன். ... அவருக்குத் தெரியாது. ... முந்நூறு அடி ஆழம்டா! பூமியோட அடிவயித்துலேர்ந்து சக்தி ஏறி வருதுன்னு வீடியோல தெளிவாச் சொல்றான்!

...மோட்டாரா? போடுவாங்களே. அவர் சம்சாரம் தாயாரம்மா அக்கா போடுவாங்க. அஞ்சு வீடு வாடகைக்கு விட்டிருக்காங்க, அவ்ளோ பேருக்கும் தண்ணி ஏத்தணுமில்ல. ... தெனம் ரெண்டு வேளை. காலைல ஆறு மணிக்கு. அப்புறம் சாயங்காலம் அஞ்சு ம...

...

...அது தற்செயல்டா.

...ஆமா, இப்பவும் ஓடுது. டேங்குல தண்ணி கொட்ற சத்தம் கேக்குது. ... பல்பு எரியுதுன்னுதான சொல்றேன், அதுவும் என்னிக்கும் இல்லாத பளிச்சுனு! அதுக்குத்தான போனே பண்ணேன்... ஏன்டா கத்தற? ... என்னது, கரண்ட் லீக்கேஜா? ... மோட்டார்லேர்ந்து பைப்புக்கா? ... பைப்புலேர்ந்து பல்புக்கா. ... அப்ப என் காயிலு? ... சும்மா நடுவுல உக்காந்திருக்கா. ... கல்யாண வீட்டுல பந்தில மட்டும் உக்கார்றவன் மாதிரி. ... புரியுது. புரியுதுடா.

...யாருக்கும் ஷாக் அடிக்கல. ... இல்லடா, யாரும்... இரு. இரு, இரு. கீதா சொல்லிச்சு. ... குப்புராஜ் அண்ணன் பொண்ணு. ஏழாம் மாசம், தாய் வீட்டுக்கு வந்திருக்கு. பைப்பத் தொட்டா சுர்ருங்குது அங்கிள்னுச்சு. ... முந்தாநேத்து. ... நான் என்ன சொன்னேனா? ... அத விடு. ... ரத்தத்துல இரும்புச்சத்து கம்மி, முருங்கக்கீர சாப்புடும்மான்னேன். ... ஆமாடா, மடையன்தான்! ஒத்துக்கறேன்! இப்ப என்ன பண்ணட்டும்?

...கழட்டவா? ... ஒயரத் தொடக் கூடாது. சரி. முதல்ல மோட்டார நிறுத்தணும். சரி, சரி, சுவத்துகிட்டப் போறேன். ஜாஸ்மின், எழுந்திரு, ஓடிப் போயி தாயாரம்மா அக்காகிட்ட... ஐயோ.

மச்சான், கீதா வருது. பக்கெட்டோட. வெறுங்காலு. ... பைப்புகிட்டதான்டா!

கீதா! ஏய் கீதா! பைப்பத் தொடாத! ... தொடாதம்மா, கைய எடு! ... அங்கிள்தான், டெனிஸ் அங்கிள்! பக்கெட்டப் போட்டுட்டுப் பின்னால போ! போம்மா! ... அக்கா! தாயாரம்மாக்கா! மோட்டார ஆஃப் பண்ணுங்க! ... ஏன்னு அப்புறம் சொல்றேன், உங்க கால்ல விழறேன், ஆஃப் பண்ணுங்கக்கா!

...

...

...மச்சான். இருக்கியா? ... தொடல. தொடலடா. ஒரு சாண்தான் இருந்துது. ... நல்லாத்தான் நிக்குது. வயித்துல கை வெச்சிட்டு என்னையே பாக்குது. ... மோட்டார் நின்னுடுச்சு. ... பல்பா? ... அதுவும்தான். அதே நிமிஷம். ... ஸ்தோத்திரம் ஆண்டவரே.

...இரு, குப்புராஜ் அண்ணன் லுங்கிய மடிச்சுக் கட்டிட்டு வராரு. டேங்கு ரொம்பல, எவன் ஆஃப் பண்ணச் சொன்னான்றாரு. ... திரும்பப் போடப் போறாருடா! ... சொல்லலாம், ஆனா கிளாம்பு விஷயமும் சேந்து வெளிய வருமே. ஆயர், காலேப் அண்ணன், சர்ச்சே... ... சரி. ... சரிடா, நீ சொல்லாட்டியும் சொல்லத்தான் போறேன்.

அண்ணே! குப்புராஜண்ணே! போடாதீங்க! உங்க மோட்டார் லீக் ஆகுது, பைப்பு பூரா கரண்ட்டு! ... எனக்கு எப்டித் தெரியும்னா... பைப்புல ஒரு கிளாம்பு தெரியுதா? கிட்டப் போகாம பாருங்க. ... அது என்னுதுண்ணே. ... ஆமாண்ணே. ... அந்தப் பல்பு உங்க கரண்ட்லதாண்ணே எரிஞ்சுது. ... திட்டுங்கண்ணே, நல்லாத் திட்டுங்க.

...மச்சான், கேட்டுதா? ... முழுசுமா? ... நீ காதப் பொத்திக்குவ, நான் எங்க போயிப் பொத்த? வாத்தியார்னு கூடப் பாக்கல மனுஷன். ... இப்ப கொஞ்சம் எறங்கிட்டாரு. கீதா என்னமோ சொல்லுது... ... அங்கிள் பல்பு எரியலன்னா இன்னிக்கு நான் இல்லப்பா, விடுன்னுது. ... நான் எங்க அழறேன்? உங்க அக்கா உரிச்ச வெங்காயம்டா.

நீ இப்பவே கெளம்பு. ஸ்பேனரு, செயினு, எல்லாத்தையும் வண்டில போட்டுக்கோ, ராத்திரிக்குள்ள மோட்டாரத் தூக்கணும். அதோட காயிலயும் நீயே புதுசா சுத்திக் குடுத்துடு. ... ஹாரனா? ஆமா, இங்கதான். வேன் வந்துடுச்சு. காலேப் அண்ணன் எறங்கறாரு. ... எங்க சார் மிஷினுன்றாரு, பல்லெல்லாம் தெரிய.

ஜாஸ்மின், சிரிச்சது போதும், கொல்லைல மரத்துல பப்பாளி பழுத்திருக்கா பாரு. ... ரெண்டு இருக்காம் மச்சான். ... நீ நாளைக்கு எட்டு மணிக்கு சர்ச்சுக்கு வந்துடு, முன்வரிசைல உக்காரு. ... எதுக்கா? கை தூக்கறதுக்குடா! வெக்கறேன்.