ஓய்வில் இருக்கும் செல்கள்

வெங்காயத்தைத் தண்ணீர் பாட்டிலின் வாயில் உட்கார வைத்தால் மூன்றே நாளில் வேர் விட்டுவிடும் சார். ஆலங்காயத்தில் ஒரு பள்ளிக்கூட லேப்பில் இருபத்தாறு வருஷம் உதவியாளனாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். வேர் நுனியை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் செல்கள் இரண்டிரண்டாகப் பிரிவது தெரியும். அதே வெங்காயத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் வேர் அப்படியே நின்றுவிடும். குளிரில் செல் சும்மா இருக்கும்.

என் மனைவி அம்சவல்லியின் அக்கா போன சித்திரையில் தொண்டைப் புற்றுநோயில் செத்துப்போனாள். அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம். அம்சவல்லி என்றால் எனக்கு உயிர். உயிரியல் டீச்சர் ரேணுகாதேவியைக் கேட்டேன். செல் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நேரத்தில்தான் புகையோ பூச்சிமருந்தோ அதைச் சுலபமாகக் கெடுக்கும், ஓய்வில் இருக்கும் செல்லுக்கு அவ்வளவு ஆபத்து இல்லை என்றார். வெள்ளையடிக்கிற நாளில் சாமானெல்லாம் வாசலில் கிடந்தால் திருடனுக்கு வசதிதானே. மேடம் மேற்கொண்டு ஏதோ விளக்கினார். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டதால் வந்துவிட்டேன்.

ரிட்டயர் ஆனதும் குளிருக்காகவே மலைமேல் காவலூர் பக்கம் வீடு பார்த்துக் குடிவந்தேன். முதலில் அவள் வேலைகளை நிறுத்தினேன். புளி தட்டினால் விரல் கீறும். கீறிய இடத்தில் புதுத்தோல் வளரும். வளர்ந்தால் செல் பிரியும்.

"இன்னாங்க ஆச்சு உங்களுக்கு? சும்மா குந்திக்கினு இருந்தா நோவு வராதா?" என்று சிரித்தாள்.

வராது என்றேன்.

அடுத்து சாப்பாடு. மூன்று வேளை இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, கடைசியில் அரை டம்ளர் சாமைக் கஞ்சி. வாரம் ஒருமுறை அவள் கட்டைவிரல் நகத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன். சனியன், வளர்ந்துகொண்டேதான் இருந்தது. நான் இவ்வளவு பாடுபடுகிறேன், இவள் உடம்பு ஒத்துழைக்கமாட்டேன் என்கிறதே என்று கோபமே வந்துவிட்டது. மார்கழி பிறந்ததும் கம்பளியை பீரோவில் வைத்துப் பூட்டினேன். சன்னலைத் திறந்துவைத்து, அறைக்கதவை வெளியே பூட்டினேன்.

"குளுருதுங்க. பசிக்குதுங்க. என்னை போளூர்ல எங்க அண்ணன் வூட்ல வுட்டுடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கை நன்றாகக் குளிர்ந்திருந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

பக்கத்து நிலத்து மங்கம்மாள் ஒருநாள் களியும் கீரையும் கொண்டுவந்தாள். "இன்னாண்ணா, அக்கா கண்ணுலயே படல? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"ஓய்வுல இருக்கா" என்றேன்.

கொண்டுவந்ததைத் திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லை என்று நானே சாப்பிட்டேன். நீ மட்டும் ஏன் தின்றாய், ஏன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாய் என்று கேட்பீர்கள். அவளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தெம்பாக இருக்க வேண்டாமா? அவளுக்காக என் செல்களைப் பணயம் வைத்தேன்.

தை பிறந்து இரண்டாவது வாரம் அளந்தபோது நகம் இம்மியும் வளரவில்லை. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். அதன்பின் தினமும் அளந்தேன். மூன்று நாள் அதே அளவு. நாலாம் நாள் மங்கம்மாள் ஆட்களைக் கூட்டிவந்து கதவை உடைத்துவிட்டாள்.

பூட்டியது நான். கம்பளியை எடுத்தது நான். கஞ்சியைக் குறைத்ததும் நான்தான். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். பட்டினியாலும் குளிராலும் இறந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள், சரி. அதற்குக் கீழே, உடம்பில் எங்கேயும் புற்றுநோய் இல்லை என்று டாக்டர் சொன்னதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார்.