குவாரிப் பக்கத்து சிக்னல்

பிற்பகல் மூன்று மணி. குன்னத்திலிருந்து பழைய கல்குவாரிக்குப் போகும் சாலை. இரண்டு பக்கமும் மக்காச்சோளம்... ஆள் நடமாட்டமே கிடையாது. அந்தச் சாலையில் ஒரு பெண், திறந்த லேப்டாப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்துபோனாள். பகல்தானே என்று சிரிக்காதீர்கள். கிட்டே வந்து கேளுங்கள்.

அவள் பெயர் வெற்றிச்செல்வி. என் தோழி சிந்துவின் பெரியப்பா மகள். வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்த்தாள். லேப்டாப்பில் வைஃபையை இயக்குகிற டிரைவர் என்ற மென்பொருளை எழுதும் வேலை. அவள் தம்பி விக்கி, அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பிப் போனவன். ஒரு வருஷமாகத் தகவல் இல்லை. திருப்பூரில் இருப்பான் என்று அம்மா ராசாத்தி நம்பிக்கொண்டிருந்தார்.

புது டிரைவர் செல்வியைப் பாடாய்ப் படுத்தியது. சென்னையில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இவள் வீட்டுப் பின்னறையில் மட்டும் கணினி மொத்தமாக உறைந்துவிடும். ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரே எழுத்தில் சிக்கி... ட்ர்ர்ர்ர்... கீபோர்டில் ஒரு விளக்கு மட்டும் விட்டுவிட்டுச் சிமிட்டும். ஒவ்வொரு முறையும் அறையில் பாசி நாற்றம்.

கேபிள் போட்டு, சாகும் நேரத்தில் கணினி சொல்வதை இன்னொரு கணினியில் பிடித்தாள். காரணம் தெரிந்தது. அக்கம்பக்கத்து வைஃபைகளின் பெயர்களை டிரைவர் வாங்கி வைக்கும். பெயர் இவ்வளவு நீளம்தான் இருக்கலாம் என்று விதி. ஏதோ ஒன்று அதை மீறி நீளமான பெயரை அனுப்புகிறது. டிரைவர் அளந்து பார்க்காமல் வாங்கிக்கொள்ள, பக்கத்து நினைவகம் நாசமாகி, கணினியையே தாங்கி நிற்கும் கெர்னல் சாய்கிறது.

அளந்து பார்க்க ஒரு வரி சேர்த்தாள். அந்தப் பெயரைத் திரையில் காட்ட இன்னொரு வரி.

கணினி உறையவில்லை. பெயர் வந்தது... தமிழில்.

"அக்கா பைக்கு சறுக்கிருச்சு தண்ணிக்குள்ள கெடக்கேன்"

அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள்; விக்கி பேசுவது போலவே இருந்தது. பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வடக்கே நடந்தால் சிக்னல் குறைந்தது. குவாரிப் பக்கம் திரும்பினால் ஏறியது. பள்ளத்தின் விளிம்பில் முழு அளவை எட்டியது. கீழே பச்சைத் தண்ணீர். அசைவே இல்லை.

பக்கத்து வீட்டு பாலசுந்தரத்துக்குப் போன் போட்டாள்.

"மாமா, ஆளுங்களக் கூட்டிக்கிட்டு குவாரிக்கு வாங்க. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"என்ன புள்ள, என்னாச்சு?"

"விக்கி... இங்கதான் மாமா இருக்கான்."

தீயணைப்புக்காரர்கள் இறங்கினார்கள். முதலில் பைக் வந்தது. அவனுடையதுதான். அப்புறம் ஓர் உடல்... முகமென்று எதுவும் மிஞ்சவில்லை. எப்படியோ கேள்விப்பட்டு ஓடிவந்த ராசாத்தி, நைந்துபோன சட்டையைப் பார்த்ததும் மண்ணில் விழுந்தார்.

"என் சாமி... இங்கியாடா கெடந்த இவ்வளவு நாளும்?"

துணியில் சுற்றி ஆம்புலன்சில் ஏற்றினார்கள். கதவு சாத்தும் சத்தம். செல்வி அம்மாவைத் தாங்கிப் பிடித்து எழுப்பினாள். பாறை மேல் லேப்டாப் திறந்தபடியே இருந்தது. திரையில் பெயர் மாறியிருந்தது.

"அக்கா அவங்க தூக்கிட்டுப் போறது நான் இல்ல"