கண்ணை மூடிப் பூசும் மஞ்சள்

ஒருநாள், ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகிற பஸ். கம்பெனி ஷிஃப்ட் முடித்து ஏறிய இரண்டு பெண்கள் என் எதிர் சீட்டில் உட்கார்ந்தார்கள். சின்னவள் சொன்னதைக் கேட்டதும், படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்துவிட்டேன்.

“முன்னெல்லாம் சாயந்தரம் மூஞ்சி கழுவிட்டு, பேசிக்கினே மஞ்சா பூசுவேன். இப்ப கதவ சாத்திக்கினு, கண்ண மூடிக்கினு பூசுறேன்கா.”

“இன்னாடி, சாமி கும்புடுற மாதிரியா?”

“வெரலு போற எடத்தயெல்லாம் கவனிக்கிறேன். நெத்தி தெரியுது, மூக்கு தெரியுது. இந்தக் கன்னத்துல வெளுத்துக் கீது பாரு, அங்க மட்டும் தொட்டா தெரியல.”

“தேமலா இருக்கும்டி.”

“தேமலுக்கு உணர்ச்சி போவுமா?” அவள் குரல் இறங்கியது. “குஷ்டம்னா இப்டித்தானாம்.”

“ஆஸ்பத்திரில காட்டுனியா?”

“அதான்னு சொல்லிட்டா இன்னாக்கா பண்ணுவேன்? தையில கல்யாணம்.”

பெரியவள் அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“கண்ண மூடு. நான் தொடுறேன். தொட்டதும் சொல்லு.”

சின்னவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பெரியவளின் விரல் அந்த வெளுத்த இடத்தில் மெல்லப் பட்டது. அங்கேயே நின்றது.

“தொடுக்கா. இன்னா யோசிக்கிற?”

“இருடி, தொடுறேன்” என்றாள் பெரியவள். விரலை எடுக்கவில்லை.