செல்லியம்மாள் எழுதிய கூட்டம்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் சுபலட்சுமி அவர்களே, முள்ளிப்பட்டிலிருந்தும் தேசூரிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே, தாய்மார்களே! தசரதனின் வணக்கம்.

நம் துணைத் தலைவர், அட்டைக்காரம்மா என்று ஆரணியே அழைத்த செல்லியம்மாள் மறைந்து பத்து நாள் ஆகிறது. சேலையில் பூ எங்கே விழ வேண்டும் என்று தறிக்குச் சொல்லும் அட்டைகளில் முப்பது வருடம் துளை போட்டவர். தவறான துளைமேல் காகிதம் ஒட்டி, சரியான இடத்தில் வேறு துளை போடுவார். எது பழையது, எது புதியது என்று தறிக்குத் தெரியாது. நமக்கு மட்டும் தெரிந்ததா?

தலைவர் பேசும்போது என்னைப் புகழ்ந்தார். இருபத்தேழு வருடம் முன்பு, பட்டுக் கட்டு ஒன்றைத் திருடிவிட்டார் என்று ஒரு முதலாளி செல்லியம்மாள்மேல் பழி போட்டபோது, சங்கக் கூட்டத்தில் தசரதன் ஒருவர்தான் எழுந்து மறுத்தார் என்றார். தோழர்களே, நான் எழுந்திருக்கவில்லை.

முதலாளியின் மருமகன் அந்தப் பட்டுக் கட்டை சைக்கிளில் வைத்துக்கொண்டு போனதைப் பார்த்தவன் நான். என் தறிக்கும் அதே முதலாளிதான் வேலை கொடுத்துக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். திருடி என்ற பேரோடு அவர் தனியாக வெளியே போனார். நான்கு வருடம் யாரும் அவருக்கு வேலை தரவில்லை.

போன வருடம் உடம்பு முடியாமல் போனதும் தன் வாழ்க்கையை ஒரு நோட்டில் எழுதி, ஞாயிறுதோறும் சங்க அலுவலகத்தில் படித்துக் காட்டினார். அதில் நான் எழுந்து பேசியிருந்தேன். அப்படி நடக்கவில்லையே அம்மா என்று தனியாகக் கேட்டேன்.

"ஊர் சொன்ன கதையத் தூக்கிகினு இத்தினி வருசம் நடந்தேன், போதும்ணா. இனிமே என் கதைய நான்தான் சொல்லுவேன். அதுல எனக்காக ஒருத்தர் எழுந்திருக்கணும். நீங்க எழுந்திருங்க."

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

பிறகு நடந்ததை என்னவென்று சொல்வேன்? இதோ முன்வரிசையில் இருக்கும் பழனி, அன்றும் என் பக்கத்தில் இருந்தவர், "நீ எழுந்தப்ப நாற்காலி சாஞ்சுதே, நான்தான புடிச்சேன்" என்றார். நோட்டில் நாற்காலியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை! சங்கத்தின் பழைய மினிட் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அந்தத் தேதியின் கீழே, 'தசரதன் எழுந்து மறுத்துப் பேசினார்' என்று இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. அதை நான் எழுதவில்லை. நேற்று மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அந்த நாற்காலி சாயும் சத்தம் எனக்கே கேட்டது.

அதனால்தான் நினைவு இருக்கும்போதே சொல்கிறேன். செல்லியம்மா, உங்கள் வரியை நான் அழிக்க மாட்டேன். அது உங்கள் வாழ்க்கை. அதற்குக் கீழே என் கதையை என் கையால் எழுதுவேன். பொய்ப்பழி சுமக்கும் எந்தப் பெண்ணுக்காகவும் இனி எழுந்து நிற்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

ஆனால் அன்று நான் உட்கார்ந்திருந்தேன், தோழர்களே. உட்கார்ந்துதான் இருந்தேன்.

ஏன் கை தட்டுகிறீர்கள்?