மூச்சுக்காய்

பைபிளைக் கொஞ்சம் மூடி மடியில வச்சுக்குங்க. ஒரு சின்னக் கதையைச் சொல்லிட்டு வசனத்துக்கு வந்துடுறேன். பின்னாடி திரும்பித் திரும்பிப் பாக்காதீங்க, பிரியாணி எங்கேயும் ஓடிப்போகாது.

அறுப்புப் பண்டிகைக்குன்னு நீங்க கொண்டாந்து படியில அடுக்கியிருக்கீங்களே... கேரட்டு, பீட்ரூட்டு, முட்டைக்கோஸு... அதுக்கு நடுவுல ஒரு குட்டிப் பூசணி உக்காந்திருக்கு பாத்தீங்களா? காலையில இருந்து பத்துப் பேர் கேட்டாச்சு. "ஐயா, தவசிங் அண்ணனோட பெரிய பூசணி எங்க?" அந்தக் கதைதான் இது. அவர்கிட்ட கேட்டுட்டேன், தாராளமா சொல்லுங்கன்னுட்டாரு.

தவசிங் அண்ணனை உங்களுக்குத் தெரியும். மேட்டுப்பாளையம் பஸ்ல முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டர். ரிட்டயர் ஆனதும் வீட்டுக்குப் பின்னாடி சரிவுல மஞ்சப் பூசணி விதை போட்டாரு. விக்கவா? இல்ல. சாம்பாருக்கா? அதுவும் இல்ல. பின்ன எதுக்கு? என்கிட்ட ஒரு நாள் சொன்னாரு. "வாழ்நாள் பூரா டிக்கெட்டு கிழிச்ச கை ஐயா இது. எதையும் வளத்ததில்ல. நாலு பேர் சேந்து தூக்குற மாதிரி ஒரே ஒரு காய்... பண்டிகைக்குக் கோயில்ல கொண்டாந்து வச்சுட்டா போதும்."

சிரிக்காதீங்க. உங்களுக்கும் அப்படி ஒண்ணு இருக்கு. எனக்கும் இருக்கு.

போன வருஷம் ஒரு காய் பிடிச்சுது. கொடியில வேற எது பிஞ்சு விட்டாலும் கிள்ளிப் போட்டுடுவாரு. எல்லாச் சத்தும் அந்த ஒண்ணுக்கே போகணுமாம். விடியக்காலையில மூடுபனிக்குள்ள பாத்தா, அவர் வீட்டம்மா ரூபி அக்காவோட பழைய சேலையைப் போத்திக்கிட்டு அது மஞ்சளா தூங்கிக்கிட்டு இருக்கும். ரூபி அக்கா தையல்காரங்க இல்லையா, அவங்க டேப்பைத்தான் தினமும் சுத்தி அளப்பாரு. ஒரு டேப்பு பத்தாம ரெண்டை முடிஞ்சு அளந்தாரு. அப்புறம் காதை வச்சுக் கேப்பாரு. "வளர்ற சத்தம் கேக்குது ஐயா, நீங்களும் வைங்க." நானும் வச்சேன். என்ன கேட்டுச்சு? தெரியல... ஆனா எடுக்க மனசு வரல. பனி, ஈர மண்ணு வாசம், கன்னத்துல ஜில்லுன்னு ஒரு பூசணி. ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன்.

ஒரு நாள் எலைக்கு அடியில இன்னொரு காய் கண்ணுல பட்டுச்சு. தேங்கா அளவு. ரூபி அக்கா சமையலுக்குன்னு மறைச்சு வச்சது. அண்ணனுக்கு வந்துச்சே கோவம்! திருடனைப் பிடிச்ச மாதிரி அதைப் பிச்சு எறிஞ்சாரு.

அடுத்த வாரம் நல்ல மழை. மூணாம் நாள் காலையில சேலையை விலக்குறாரு... காய் மேலேயிருந்து கீழ வரைக்கும் பொளந்து கெடக்கு.

அண்ணன் பண்டிகைக்குக்கூடக் கோயிலுக்கு வரல. சுவரைப் பாத்துப் படுத்துட்டாரு. பார்க்குல வேலை பாக்குற தோட்டக்காரர் ஒருத்தர் வந்து பாத்துட்டு ஒரு விஷயம் சொன்னாரு. அந்தச் சின்னக் காயை விட்டு வச்சிருந்தா மழைத் தண்ணியில அதுவும் பங்கு குடிச்சிருக்கும். அத்தனையும் ஒண்ணுக்கே பாய்ஞ்சா தோல் எப்படித் தாங்கும்? ரூபி அக்கா ஒரு வார்த்தை குத்திக் காட்டல. அதுதாங்க பெரிய மனசு.

இந்த வருஷம் அண்ணனே ஒரு சின்னக் காயை விட்டு வச்சாரு. ரூபி அக்கா அதுக்குப் பேர் வச்சாங்க, மூச்சுக்காய்னு. பெரியவன் மூச்சு விடறதுக்கு. பெரியவனும் வெடிக்காம, போன வருஷத்தையும் தாண்டி வளந்தான். தூக்குறதுக்கு நாலு பேரைக்கூட அண்ணன் சொல்லி வச்சாச்சு.

போன செவ்வாக்கெழமை காட்டுமாடு எறங்கிச்சு.

பெரியவன்ல மிச்சம் ஒண்ணும் இல்ல. மிதிச்சு, தின்னு... சேலை மட்டும் சேத்துல கெடந்துச்சு. நான் போனப்போ அண்ணன் அந்தச் சேலையை மடியில வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்தாரு. ஆம்பளை அழலாமான்னு யாராவது கேக்குறீங்களா? அழலாம். நானும் பக்கத்துல உக்காந்தேன்.

மறுநாள் காலையில ரூபி அக்கா டேப்பை எடுத்துக்கிட்டு பனிக்குள்ள எறங்கிப் போனாங்க. கொஞ்ச நேரத்துல குரல் வந்துச்சு.

"என்னங்க... இதை இதுவரைக்கும் யாருமே அளக்கலையே?"

அண்ணன் எந்திரிச்சுப் போனாரு. எலைக்கு அடியில மாடு கண்ணுல படாம தப்பிச்சிருந்த மூச்சுக்காயைச் சுத்தி டேப்பைப் போட்டாரு. ஒரே டேப்பு... பாதிக்கு மேல மிச்சம். அளந்துட்டு, குனிஞ்சு, அதுலயும் காதை வச்சாரு.

"என்னங்க கேக்குது?"

"இதுவும் வளருது, ரூபி."

அதுதான் இந்தப் படியில இருக்கு. நாலு பேர் தேவைப்படல. அண்ணனே ஒரு கையில தூக்கிட்டு வந்தாரு.

அன்பானவங்களே, கொடியில ஒண்ணே ஒண்ணை மட்டும் விட்டுட்டு மத்த எல்லாத்தையும் கிள்ளிப் போட்டிருக்கோமே... அது புள்ளையோட டாக்டர் சீட்டா இருக்கலாம், கட்டணும்னு நெனச்ச வீடா இருக்கலாம். ஆசைப்படாதீங்கன்னு நான் சொல்லல. பெருசாவே ஆசைப்படுங்க. ஆனா மழையும் வரும், மாடும் வரும், இது மலை. எலைக்கு அடியில ஒரு மூச்சுக்காயை விட்டு வைங்க. பெருசு போன மறுநாள் காலையில, டேப்பை எடுத்துக்கிட்டு உங்களைக் கூப்பிடுற குரல் ஒண்ணு பக்கத்துல இருந்தா, எந்திரிச்சுப் போங்க.

தவசிங் அண்ணன் அந்தா மூணாவது வரிசையில உக்காந்திருக்காரு. கண்ணு கலங்கித்தான் இருக்கு. ஆனா வந்திருக்காரு. போன வருஷம் வரல.